எழுநூறு பேர் பார்க்கிறார்கள், ஒருவரும் கூப்பிடவில்லை

கேள்வி: உப்புவெளியில் இருக்கிறேன். வயது 25. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. மையிலும் நீர்வண்ணத்திலும் எங்கள் ஊரை வரைகிறேன்: கரைவலை, கோணேசர் கோயில் மலை, கோட்டைக்குள் திரியும் மான்கள், மீன் சந்தை. மூன்று வருடமாக முகநூலில் போடுகிறேன். எழுநூறு நண்பர்கள் இருக்கிறார்கள். ‘சூப்பர்’, ‘அருமை’ என்று எழுதுகிறார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. கொழும்பில் ஒருவரையும் தெரியாத நான் இங்கிருந்தே வாய்ப்புத் தேட முடியுமா? லண்டனில் ஒருவர் சிறுவர் புத்தகத்துக்கு 12 படம் கேட்கிறார்; காசு இல்லையாம், பெயர் பரவுமாம். இன்னொருவர் என் படங்களை என்.எஃப்.டி.யாக வாங்குகிறேன் என்கிறார். என் பெயரும் முகமும் நெட்டில் வருவது அண்ணாவுக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்யட்டும்?
வாசகி, திருகோணமலை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

என்.எஃப்.டி. (படத்துக்கு இணையத்தில் விற்கும் டிஜிட்டல் உரிமைச் சீட்டு) ஆளை முதலில் முடித்துவிடுவோம். அவருக்குப் பதில் போடாதீர்கள். இந்த ஏமாற்று எப்போதும் ஒரே அச்சில்தான் நடக்கிறது. படத்துக்கு நம்ப முடியாத விலை சொல்வார்கள். அவர்கள் காட்டும் தளத்தில்தான் படத்தை ஏற்ற வேண்டும் என்பார்கள். ஏற்றுவதற்கு ‘காஸ் கட்டணம்’ (பதிவுக் கூலி) என்று ஒரு தொகையை நீங்கள் முதலில் கட்ட வேண்டியிருக்கும். கட்டியதும் உங்கள் கணக்கில் பெரிய தொகை விழுந்தது போலத் திரையில் தெரியும். எடுக்கப் போனால் இன்னொரு கட்டணம் கேட்கும். தளத்தை நடத்துபவரும் வாங்குபவரும் ஒரே கூட்டம். இதே குடும்பத்தில் இன்னொன்று உண்டு. ‘சுவரோவியம் வரைய உங்கள் படத்தை மாதிரியாக எடுக்கிறேன்’ என்று சொல்லி, பேசிய விலைக்கு மேலான தொகைக்கு வெளிநாட்டுக் காசோலை அனுப்பி, மிச்சத்தை வேறொருவருக்கு அனுப்பிவிடச் சொல்வார்கள். காசோலை திரும்பி வர வாரக்கணக்காகும். நீங்கள் அனுப்பிய மிச்சம் திரும்பி வராது. வாங்க வந்தவர் எந்தப் பெயரில் உங்களிடம் காசு கேட்டாலும் அந்த உரையாடலை அங்கேயே வெட்டிவிடுங்கள்.

இனி அந்த எழுநூறு பேர். அவர்களில் பெரும்பாலானோர் சொந்தக்காரர்கள், கூடப் படித்தவர்கள், வேலையிடத்துக்காரர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனால் உங்களுக்குத் தெரிந்த உலகம்தான் அவர்களுக்கும் தெரியும். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், ஆட்கள் எப்படி வேலை தேடிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். நெருக்கமானவர்களை விட, எப்போதாவது பேசும் அறிமுகக்காரர்கள் வழியாகத்தான் புதிய தகவல் அதிகம் வந்து சேர்கிறது என்று அதில் காட்டினார். நெருங்கியவர்கள் ஒரே வட்டத்தில் சுற்றுகிறார்கள். அறிமுகக்காரர் வேறொரு வட்டத்தில் கால் வைத்திருக்கிறார். இணையத்தில் நீங்கள் தேட வேண்டியது அந்த வேறு வட்டத்தை. உங்களுக்கு இன்னும் ஏழாயிரம் விருப்புகள் தேவையில்லை. படம் வரைகிறவர்கள், கதை எழுதுகிறவர்கள், புத்தகம் போடுகிறவர்கள், சஞ்சிகை வடிவமைக்கிறவர்கள் என்று முப்பது பேருக்கு உங்கள் கை தெரிந்தால் போதும்.

முப்பது பேரை எங்கே பிடிப்பது? வேலை நடக்கும் இடங்களில். உங்கள் படங்களுக்கு நேராகப் பொருந்துவது ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’ என்ற உலகளாவிய கூட்டம். கேப்ரியல் கம்பனாரியோ என்ற செய்தித்தாள் ஓவியர் 2007இல் தொடங்கியது. தங்கள் ஊரை, இடத்திலேயே நின்று, கண்ணால் பார்த்து வரைகிறவர்கள் இவர்கள். அதுதான் அவர்களுடைய முதல் விதி. கைபேசிப் படத்தைப் பார்த்து வீட்டில் வரைந்ததை அந்தக் கூட்டத்தின் பெயரைச் சேர்த்துப் போடாதீர்கள். நிழலின் சாய்வையும் கோணத்தையும் வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள், அதன்பிறகு உங்கள் நல்ல படத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். உங்கள் ஊரில் கிளை இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. வரைந்து, இடத்தைக் குறிப்பிட்டுப் போட்டால் வெளியூர்க்காரர் வந்து பேசுவார்கள். திருகோணமலைக்கு வருகிற ஓவியர் ஒருவர் முன்கூட்டியே ‘எங்கே உட்கார்ந்து வரையலாம்’ என்று கேட்பதும் அப்படித்தான் தொடங்கும். ஒரு சின்னக் கவனம்: கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, டொக்யார்ட் பக்கம் கடற்படை இருக்கிறது. காவலரண், படகுத்துறை என்பன படத்தில் விழுமானால் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மான்களோடு நிறுத்துங்கள்.

இரண்டாவது இன்க்டோபர். ஒக்டோபர் மாதம் 31 நாளும் நாளுக்கொரு சொல்லுக்கு மைப்படம். ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் 2009இல் தொடங்கிய பழக்கம் இது. 31ஐயும் முடிக்க முயன்று பத்தாம் நாளில் களைத்துப் போகிறவர்கள்தான் அதிகம். எட்டுச் சொல்லைத் தெரிவு செய்து, எட்டையும் ஒரே பொருளில், உதாரணமாக எட்டும் மீன் சந்தையிலேயே, வரையுங்கள். சிதறிய முப்பத்தொன்றை விட ஒழுங்கான எட்டு நினைவில் நிற்கும்.

மூன்றாவதுதான் உங்களுக்கு முக்கியம் என்று படுகிறது, சிறுவர் புத்தகம் கேட்டு வந்திருக்கிறதே. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ் உட்பட ஏராளமான மொழிகளில் சிறுவர் கதைகள் திறந்த உரிமத்தில் கிடக்கின்றன. ஒரு கதையை எடுத்து நீங்களே புதிதாகப் படம் போட்டு வெளியிடலாம். கதையும் தளமும் ஆயத்தமாக இருப்பதால், ‘சிறுவர் புத்தகம் செய்திருக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு இரண்டு மாதத்தில் கையில் பதில் இருக்கும். ஆனால் அங்குள்ள உரிமம் ‘சிசி பை 4.0’ என்ற கிரியேட்டிவ் கொமன்ஸ் பொது உரிமம். உங்கள் பெயரைக் குறிப்பிட்டு யாரும் எதற்கும் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். கொடுத்த பிறகு திருப்பி வாங்க முடியாது. விட்டுக்கொடுக்க மனமுள்ள படங்களை மட்டும் அங்கே ஏற்றுங்கள். கரைவலைத் தொடரை ஏற்றாதீர்கள்.

இப்போது படத்தோடு எழுதும் வரிகள். ‘எங்கள் ஊரின் அழகு’ என்று போட்டால் ‘அருமை’ என்றுதான் பதில் வரும், வேறென்ன எழுதுவார்கள்? இப்படி எழுதிப் பாருங்கள்: ‘உப்புவெளி, காலை 7 மணி. கரைவலையின் மடி கரையேறுகிறது. கயிற்றில் இரண்டு வரிசை ஆட்கள், நடுவில் நிற்பவர் சம்மாட்டி. ஏ5 கடதாசி, 0.3 பேனை, நீரில் கரையாத மை. வலது மூலையில் அலை தெறித்து நீலம் கலைந்துவிட்டது.’ இதில் கேள்வி கேட்க நான்கு இடம் இருக்கிறது. மீன்பிடி தெரிந்தவர் ஒன்றைக் கேட்பார், மை தெரிந்தவர் இன்னொன்றைக் கேட்பார். படத்தில் முகம் தெளிவாகத் தெரியும் ஆட்களிடம் அனுமதி கேளுங்கள். முடிந்ததும் படத்தை அவருடைய வாட்ஸ்அப்பிற்கு அனுப்பிவிட்டால் அடுத்த முறை வாடியில் உட்கார இடமும் கிடைக்கும்.

கீழே இரண்டு வரி ஆங்கிலத்தில், முடிந்தால் இரண்டு வரி சிங்களத்தில் சேருங்கள். தேடுபவர் எந்த எழுத்தில் தட்டுகிறாரோ அந்த எழுத்தில் ஊர்ப்பெயர் இருந்தால்தான் அகப்படுவீர்கள். மூன்று மொழியும் புழங்குகிற உங்கள் ஊரில் சிங்கள வரியைச் சரிபார்க்க ஒரு தோழி கிடைக்காமலா போவார்? கணினி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாதீர்கள்.

பிறகு ஒரு கொப்பியில் அந்த முப்பது பேரின் பட்டியல். பத்து ஓவியர், பத்து எழுதுகிறவர், பத்துப் பதிப்பாளர் அல்லது வடிவமைப்பாளர். பெயர், என்ன செய்கிறார், கடைசியாக எப்போது பேசினோம் என்று மூன்று நிரல். கணக்கு எழுதும் உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாரம் ஐந்து பேருடைய வேலையை நின்று பார்த்து ஒரு வரி எழுதுங்கள். ‘வள்ளத்தின் அணியத்தை வெள்ளைக் கடதாசியாகவே விட்டிருக்கிறீர்கள், வண்ணம் படாமல் மறைக்கும் மாஸ்கிங் திரவம் பூசினீர்களா, சுற்றி வரைந்தீர்களா?’ என்ற மாதிரி. இதற்கு அவர் பதில் எழுதுவார், உங்கள் பக்கத்தைத் திறந்தும் பார்ப்பார். ‘என் பக்கத்துக்கும் வாருங்கள்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். மூன்று மாதம் இப்படிப் போனால் முப்பதில் எட்டுப் பத்துப் பேர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மிச்சப் பேர் அசைய மாட்டார்கள். அசையாதவர்களை எடுத்துவிட்டுப் புதியவர்களைச் சேருங்கள்.

இத்தனையும் செய்து ஒரு பதிப்பாளர் ‘படத்தை அனுப்புங்கள்’ என்று கேட்கும்போது பலருக்குக் கால் வழுக்குவது கோப்பில். கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். திரையில் நன்றாகத் தெரிவது அச்சில் மங்கிப் பிசிறடிக்கும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஏ4 அளவென்றால் 2480க்கு 3508 பிக்சல். உங்கள் ஏ5 படத்தை ஏ4 ஆகப் பெருப்பித்து அச்சிடப் போகிறார்கள் என்றால் 600 புள்ளியில் ஸ்கான் எடுக்க வேண்டும். கொமினிகேஷன் கடையில் ‘ஸ்கான்’ என்று மட்டும் சொன்னால், கடிதங்களுக்கு வைத்திருக்கும் அமைப்பிலேயே 200 புள்ளியில் பி.டி.எஃப். எடுத்துத் தருவார்கள். கேட்க வேண்டியது இது: கலர், 600, ஃபோட்டோ முறை, டிஃப் அல்லது பி.என்.ஜி. கோப்பு. கடதாசியை மேலே சொருகும் வழியில் விடாதீர்கள், உருளைகள் நீர்வண்ணக் கடதாசியை மடக்கிவிடும். கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைத் துடைக்க ஒரு மெல்லிய துணி நீங்களே கொண்டு போங்கள். நெளிந்த கடதாசி ஸ்கானில் அலை அலையாக நிழல் காட்டும். முதல் நாள் பின்பக்கத்தை ஈரப் பஞ்சால் இலேசாக ஒற்றி, இரண்டு சுத்தமான கடதாசிக்கு நடுவில் வைத்து, மேலே பாரமான புத்தகங்களை அடுக்கி ஓர் இரவு விட்டால் நேராகும். பின்பக்கத்தை மட்டும், நனையாமல். இல்லையென்றால் வண்ணம் நகரும்.

ஸ்கான் வசதியில்லாத நாளில் கைபேசி. வெயில் நேராக விழாத விறாந்தையில், காலை எட்டு ஒன்பது மணிக்கு, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். கைபேசி கடதாசிக்கு இணையாக இருக்க வேண்டும். கிட்டப் போனால் ஓரங்கள் புடைக்கும். ஒரு மீற்றர் தள்ளி நின்று இரண்டு மடங்கு பெருப்பித்து எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்தால் பிறகு நிறம் திருத்த அளவுகோல் கிடைக்கும். கோப்பை அனுப்பும்போது கூகுள் டிரைவில் ஏற்றி இணைப்பைக் கொடுங்கள், ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று மாற்றியிருக்கிறதா என்று வேறொரு போனில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நிற்கும் இணைப்பை அவசரத்தில் இருக்கும் பதிப்பாளர் இரண்டாம் முறை திறக்க மாட்டார். உங்கள் முகநூல் பக்கத்தில் போடுவதற்கு 1080க்கு 1350 பிக்சல் போதும். அந்த அளவை யாரும் திருடி ஏ4இல் அழகாக அச்சடிக்க முடியாது. கையெழுத்தை ஓரத்தில் வைக்காமல் வள்ளத்தின் விலாவிலோ வலையின் மடிப்பிலோ வையுங்கள், ஓரமென்றால் வெட்டிவிடுவார்கள்.

நிலாவெளிக் கடலை வரைகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது திகைக்கும் விஷயம் ஒன்று: அந்தப் பச்சை கலந்த பளிச் நீலம் அச்சில் வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால் காட்டுகிறது. அந்த நீலம் நான்கு மைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அச்சகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு மாதிரிப் பக்கம் அச்சடித்துப் பார்த்து, கடலைச் சுற்றியுள்ள மணலையும் வள்ளத்தையும் கொஞ்சம் தாழ்த்தினால் கடல் பளிச்சென்று தெரியும். இன்னொன்று, மாரி மழை தொடங்கிவிட்டால் கடதாசி ஈரம் குடித்துப் பூஞ்சணப் புள்ளி விழும். இருக்கிற எல்லா நல்ல படத்தையும் அதற்கு முன்னரே ஸ்கான் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

பதிப்பாளருக்கு உங்கள் வேலையைச் சேர்த்துக் காட்டும் படக்கோவையில் 12 முதல் 15 படம், அதற்கு மேல் வேண்டாம். சிறுவர் புத்தகம் செய்கிறவர்கள் கோயில் மலையின் அழகைப் பார்ப்பதில்லை. ஒரே பிள்ளை ஐந்து படத்தில் ஒரே பிள்ளையாகத் தெரிகிறதா, முகத்தில் கோபமும் வெட்கமும் வருகிறதா, எழுத்து வைக்க இடம் விட்டிருக்கிறதா, முக்கியமான முகம் புத்தகத்தின் நடு மடிப்பில் போய் விழுகிறதா என்று பார்க்கிறார்கள். இந்த நான்கையும் காட்டும் ஆறு படம் உங்களிடம் இன்னும் இல்லை என்று நீங்கள் வரைவதாகச் சொன்னவற்றைப் பார்த்தால் தெரிகிறது. அவற்றை முதலில் வரையுங்கள். வெட்டும் ஓரத்துக்காகச் சுற்றிவர 3 மில்லிமீற்றர் கூடுதலாக வரைந்து பழகுங்கள். படத்துக்குள் எழுத்து எழுதாதீர்கள், வேறு மொழியில் போடும்போது முழுப் படமும் வீணாகும்.

கேட்டு எழுதும் கடிதம் ஆறு வரி:

‘வணக்கம். உங்கள் சஞ்சிகையின் கடந்த இதழில் கடற்கரைச் சிறுகதையைப் பார்த்தேன். திருகோணமலையில் இருந்து மையிலும் நீர்வண்ணத்திலும் வரைகிறேன். கடலோர வாழ்க்கையும் சிறுவர் உருவங்களும் என் பொருள். மூன்று படம் இணைத்துள்ளேன், மீதி இந்த இணைப்பில். கறுப்பு வெள்ளைப் படமென்றால் நான்கு நாளில், வண்ணமென்றால் பத்து நாளில் தரமுடியும். அடுத்த இதழ்களில் கடலோரக் கதை வந்தால் என்னை யோசியுங்கள்.’

மூன்று படமும் ஒவ்வொன்று ஒரு எம்.பி.க்குள். யூனிகோடில் தட்டுங்கள்; பாமினி என்ற பழைய எழுத்துருவில் எழுதி அனுப்பினால் அங்கே ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு தடவை நினைவூட்டல், அதோடு விடுங்கள். மெசஞ்சரில் ‘ஹாய் சேர்’ என்று போட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அண்ணாவின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. அதற்கு வழியும் இருக்கிறது. சொந்தக் கணக்கை விட்டுப் புனைபெயரில் தனிப் பக்கம் தொடங்குங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், புனைபெயரில் வெளியிடும் உரிமையையும் படைப்பாளிக்குத் தருகிறது. முகத்துக்குப் பதில் உங்கள் கையும் தூரிகையும் தெரியும் படம் வைக்கலாம். தொடர்புக்குத் தனி மின்னஞ்சல், வாட்ஸ்அப் தேவையென்றால் தனி சிம். கடற்கரையில் இருந்தபடியே போடாதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகு, முடிந்தால் அடுத்த நாள் போடுங்கள். படத்தைப் பற்றிப் பேசாமல் உங்களைப் பற்றிக் கேட்பவருக்கு ஒரு தடவை பதில் சொல்லாமல் விடுங்கள், இரண்டாம் தடவை தடைசெய்யுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இருபடிப் பாதுகாப்பை இன்றே போடுங்கள். ‘பதிப்புரிமை மீறியதால் உங்கள் பக்கம் 24 மணிநேரத்தில் நீக்கப்படும்’ என்று வரும் செய்தியின் இணைப்பை அமத்தாதீர்கள். பக்கங்களைப் பறிக்கிறவர்களின் வழக்கமான தூண்டில் அது.

லண்டன்காரருக்கு வருவோம். இவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. புலம்பெயர்ந்த இடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புத்தகம் போட நினைக்கிறவர்கள் பலர் கைக்காசைப் போட்டுத்தான் செய்கிறார்கள். ஆனால் 12 படம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, உங்களுக்கும் இன்னும் தெரியாது போலிருக்கிறது. ஒரு படத்துக்கு மாதிரி வரைவு 2 மணி, முழுப்படம் 8 மணி, திருத்தம் 2 மணி, ஸ்கானும் துப்புரவும் 1 மணி. மொத்தம் 13. பன்னிரண்டுக்கு 156 மணி. வேலைக்குப் போய்வந்து வாரம் பத்து மணி ஒதுக்கினால் நான்கு மாதம். வாரம் 45 மணி வேலையென்றால் உங்கள் சம்பளம் மாதம் சுமார் 195 மணிக்கு வருகிறது. ஆக இந்தப் புத்தகம் உங்கள் ஒரு மாதச் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கு. கடதாசி, வண்ணம், ஸ்கான் செலவு தனி. இது லாபமில்லாத அடிவிலை. இதற்குக் கீழே போனால் உங்கள் கையிலிருந்து போகிறது.

அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். புத்தகம் விற்பனைக்கா, என்ன விலை? எத்தனை பிரதி? அச்சகத்துக்கும் வடிவமைப்பாளருக்கும் காசு கொடுக்கிறீர்களா? எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கும் புத்தகம், யாருக்குமே காசு இல்லை என்றால், 12க்குப் பதில் மூன்று கறுப்பு வெள்ளைப் படம் அன்பளிப்பாகச் செய்யலாம். அச்சகத்துக்குக் காசு இருக்கிறது, ஓவியருக்கு இல்லை என்றால் வேண்டாம்.

காசு தரச் சம்மதித்தால் வேலை தொடங்குமுன் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்க வேண்டியவை: படத்தின் எண்ணிக்கையும் அளவும், மாதிரி வரைவில் இரண்டு தடவை திருத்தம், வண்ணம் போட்ட பிறகு மாற்றமென்றால் தனிக்கட்டணம், தமிழ்ப் பதிப்புக்கு மட்டும், இத்தனை பிரதிக்கு மட்டும் உரிமை, அட்டையில் உங்கள் பெயர், ஐந்து பிரதி, மூல ஓவியங்கள் உங்களுடையவை, முற்பணம் மூன்றில் ஒன்று, வரைவு முடிய ஒன்று, கோப்பு ஒப்படைக்குமுன் ஒன்று. நடுவில் புத்தகம் நின்றுபோனால் அதுவரை செய்த வேலைக்குப் பணம். ‘முழு உரிமையும்’ என்ற சொல் வந்தால் அந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். பதிப்புரிமைக்கு நீங்கள் எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை, வரைந்தவுடன் உங்களுடையது, உங்கள் வாழ்நாளுக்குப் பிறகும் 70 ஆண்டு இருக்கும். அதை ஒரு வரியில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

பணம் வரும் வழியையும் இப்போதே சொல்லிவிடுங்கள். லண்டன் வங்கி ‘ஐபான்’ என்ற சர்வதேசக் கணக்கு இலக்கம் கேட்கலாம். இலங்கையில் அந்த முறை இல்லை. வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீடு, கிளை, கணக்கு இலக்கம், பாஸ்புக்கில் உள்ளபடி எழுத்துப் பிசகாத பெயர் ஆகியவை போதும். அங்கே புனைபெயரைக் கொடுத்தால் பணம் திரும்பிப் போகும். இடைவங்கிகள் வழியில் கட்டணம் கழிக்கும், ஆகவே அனுப்பும் கட்டணம் முழுவதும் அவர் பக்கம் என்று தெரிவு செய்யச் சொல்லுங்கள். முற்பணம் கணக்கில் விழுந்த பிறகு முதல் மாதிரி வரைவைத் தொடங்குங்கள்.